இங்கே சுடலாமா?

மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் இருக்கும். மரவள்ளி, சர்க்கரைவள்ளி, நாலைந்து வாழை. இரவில் காட்டுப் பன்றி புகுந்து கிண்டிப் போட்டுவிட்டால், மறுநாள் காலைப் பேச்செல்லாம் அதைப் பற்றித்தான். துப்பாக்கி உரிமம் வைத்திருக்கும் கூட்டாளி ஒருவர் ரிங்லெட்டிலோ ஈப்போவிலோ யாருக்காவது இருப்பார். அவரைக் கூப்பிட்டால் என்ன என்று ஒருவர் கேட்பார். மாட்டிக்கொண்டால் யார் பதில் சொல்வது என்று இன்னொருவர் கேட்பார். ஒரு காலத்தில் இதற்கெல்லாம் தோட்டத்துக் கணக்கரான கிராணியார் சொன்னதுதான் தீர்ப்பு. இப்போது யாராவது கைபேசியை எடுத்து வரைபடத்தைத் திறக்கிறார்கள். நீலப் புள்ளி ஒன்று தேயிலைக்கும் காட்டுக்கும் நடுவே வந்து நிற்கிறது.

"இங்கே சுடலாமா?" என்ற இரண்டு சொல் கேள்விக்கு ஒரு கைபேசி பதில் சொல்ல வேண்டுமானால், அதற்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்த்தால் தலை சுற்றும்.

துப்பாக்கி போலீஸின் அதிகாரத்தில் வருகிறது. 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். விலங்கு, வனவிலங்கு மற்றும் தேசியப் பூங்காக்கள் இலாகாவின் பொறுப்பு. மக்கள் வாயில் அது பெர்ஹிலித்தான். அதன் கையில் இருப்பது 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், எண் 716. 1972-இல் வந்த பழைய சட்டத்தின் இடத்தில் இது வந்தது. பன்றி ஓடி ஒளியும் காடு நிரந்தரக் காப்புக்காடாக இருந்தால், அங்கே 1984-ஆம் ஆண்டின் தேசிய வனவியல் சட்டமும் மாநில வன இலாகாவும் குறுக்கே வரும். பக்கத்தில் செமாய் மக்களின் கிராமம் இருந்தால் 1954-ஆம் ஆண்டின் பூர்வக்குடியினர் சட்டம். தேயிலை நிற்கும் நிலமோ தோட்ட நிர்வாகத்தின் கையில். மேற்கே மலைமுகட்டைத் தாண்டினால் பேராக், வடக்கே போனால் கிளந்தான். நிலமும் காடும் மாநிலங்களின் அதிகாரத்தில் இருப்பதால், முகடு தாண்டிய பன்றிக்கு வன இலாகாவும் மாறிவிடுகிறது.

இத்தனைக்கும் அடியில் பலருக்குத் தெரியாத ஒரு படலம் கிடக்கிறது. கேமரன் மலை மாவட்டத்தின் பரப்பு 712 சதுர கிலோமீட்டர், அதாவது 71,200 ஹெக்டேர். 'கேமரன் மலை வனவிலங்கு ரிசர்வ்' என்று பாதுகாக்கப்பட்ட பகுதிகளின் பட்டியலில் இருப்பது சுமார் 65,000 ஹெக்டேர். வெறும் கழித்தல் கணக்கே போதும்: ஊர், சாலை, காய்கறித் தோட்டம், தேயிலை எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிட்டு இந்தப் பரப்பை நிரப்ப முடியாது. ரிசர்வ் என்ற நிறத்தை வரைபடத்தில் பூசினால் கிட்டத்தட்ட மாவட்டமே அந்த நிறமாகிவிடும்.

செயலிக்குள் இவையெல்லாம் கண்ணாடித் தாள்களைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஒவ்வொரு தாளிலும் ஒரு சட்டத்தின் எல்லைகள். 1960-களில் கனடாவின் நில வளங்களைக் கணக்கெடுக்க ரோஜர் டாம்லின்சன் உருவாக்கிய முறையின் பேரப்பிள்ளை இது. நீங்கள் நிற்கும் புள்ளி எந்த எல்லைக்குள் விழுகிறது என்று கண்டுபிடிக்கக் கணினி செய்யும் தந்திரம் சுவையானது. புள்ளியிலிருந்து ஏதாவது ஒரு திசையில் நேர்கோடு ஒன்றை இழுக்கிறது. அந்தக் கோடு எல்லைக் கோட்டை எத்தனை முறை வெட்டுகிறது என்று எண்ணுகிறது. ஒற்றைப்படையாக வந்தால் புள்ளி உள்ளே. இரட்டைப்படையாக வந்தால் வெளியே. எல்லை எவ்வளவு கோணல்மாணலாக இருந்தாலும் இந்தக் கணக்கு பிசகாது. கண் இமைப்பதற்குள் ஆயிரம் தாள்களை இப்படிச் சோதித்துவிடலாம்.

ஆனால் புள்ளி சரியான இடத்தில் இருக்க வேண்டும். கோடும் சரியான இடத்தில் இருக்க வேண்டும். கேமரன் மலையில் இரண்டுமே நழுவும்.

முதலில் புள்ளி. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவை அனுப்பும் ரேடியோ அலை கைபேசியை எட்ட எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்துத் தூரம் கணக்கிடப்படுகிறது. ஒளி வேகத்தில் வரும் அலை என்பதால், நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே 300 மீட்டர் தள்ளிப்போகும். இடத்தைத் தீர்மானிக்கக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் கண்ணில் பட வேண்டும். அவை வானம் முழுக்கப் பரவி நின்றால் நல்லது. சுங்கை பாலாஸ் மாதிரியான செங்குத்துச் சரிவுகளுக்கு நடுவே நிற்பவருக்குப் பாதி வானத்தை மலையே மறைத்துவிடுகிறது. மிச்ச வானத்திலிருந்து வரும் அலையும் பாறையிலும் நனைந்த இலைகளிலும் பட்டுத் தெறித்து, சுற்றுவழியில் வந்து சேர்கிறது. திறந்த வெளியில் ஐந்து மீட்டருக்குள் இடம் காட்டும் அதே கைபேசி, பாசிக்காட்டின் ஓரத்தில் பல மடங்கு தடுமாறுகிறது. கருவி அதை ஒளிக்கவில்லை. நீலப் புள்ளியைச் சுற்றி வெளிர்நீல வட்டம் ஒன்று இருக்கிறதே, அதுதான் அதன் சந்தேகத்தின் அளவு. நாம்தான் அதைப் பார்ப்பதில்லை.

கோட்டின் கதை இதைவிட நீளமானது. அதில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் எஃகுச் சங்கிலியால் ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவைக்கு அதுதான் தொடக்கம். லாம்டன் 1823-இல் இறந்த பிறகு ஜார்ஜ் எவரெஸ்ட் அந்தப் பணியைக் கொண்டு செலுத்தினார். பூமி எவ்வளவு பெரியது, எவ்வளவு தட்டையானது என்பதை அந்த அளவைகளை வைத்து 1830-இல் அவர் கணக்கிட்டார். எவரெஸ்ட் நீள்கோளம் என்று அதற்குப் பெயர். பிரிட்டிஷ் அளவையாளர்கள் போன இடமெல்லாம் அது கூடவே போயிற்று. மலாயாவின் வரைபடங்கள் சற்றே திருத்திய அதே நீள்கோளத்தின் மீதுதான் வரையப்பட்டன. அவற்றின் ஆதாரப் புள்ளி, கேமரன் மலை இருக்கும் இதே பகாங் மாநிலத்தின் கெர்தாவ். 'கெர்தாவ் 1948' என்றே அந்த அளவைச் சட்டகத்துக்குப் பெயர்.

இன்றைய செயற்கைக்கோள்கள் வேறொரு பூமியின்மீது கணக்குப் போடுகின்றன. அதன் நிலநடுக்கோட்டு ஆரம், மலாயாவில் பயன்பட்ட எவரெஸ்ட் பூமியின் ஆரத்தைவிட 830 மீட்டருக்கு மேல் பெரியது. இரண்டின் மையங்களும் ஒரே இடத்தில் இல்லை. இதனால், கெர்தாவ் சட்டகத்தில் வரைந்த பழைய எல்லையின் எண்களை எந்த மாற்றமும் செய்யாமல் கைபேசி வரைபடத்தின் மேல் வைத்தால், கேமரன் மலைப் பக்கத்தில் அது சுமார் 150 மீட்டர் தள்ளி உட்காரும். தேயிலை விளிம்பில் 150 மீட்டர் என்றால் ஒரு சரிவு முழுவதும், ஓர் ஓடையும் சேர்த்து. 2003-இல் மலேசியா செயற்கைக்கோள் யுகத்துக்கு ஏற்ற புதிய சட்டகத்துக்கு மாறிவிட்டது. மாற்றுவதற்கான சூத்திரங்களும் உண்டு. ஆனாலும் யாரோ ஒருவர் பழைய வரைபடத்தை ஸ்கேன் செய்து, சட்டகத்தைக் கவனிக்காமல் இணையத்தில் ஏற்றி, இன்னொருவர் அதை எடுத்துச் செயலியில் போட்டால், திரையில் கோடு அழகாகத்தான் தெரியும். பிழையான கோட்டுக்கும் சரியான கோட்டுக்கும் நிறத்தில் வித்தியாசம் கிடையாது.

சட்டகம் சரியாக இருந்தாலும் கோட்டுக்குத் தடிமன் இருக்கிறது. 1:50,000 வரைபடத்தில் அரை மில்லிமீட்டர் பேனாக் கோடு தரையில் 25 மீட்டர். கைபேசியில் விரலால் பெரிதாக்கிக்கொண்டே போகலாம். கோடு மெல்லியதாகவே இருக்கும், துல்லியம் மட்டும் அதிகரிக்காது. சட்டத்தில் எழுதிய எல்லைகள் பல இடங்களில் ஆற்றோரம், முகடு என்று சொற்களால் ஆனவை. கேமரன் மலையில் மண் சரிகிறது, ஓடை திசை மாறுகிறது.

இந்த மலைக்குப் பெயர் வந்த கதையே வரைபடம் கைவிட்ட கதைதான். வில்லியம் கேமரன் 1885-இல் பகாங், பேராக் எல்லைப் பகுதியை அளக்க வந்தார். மலைகளுக்கு நடுவே மென்சரிவான பீடபூமி ஒன்றைக் கண்டதாக எழுதினார். அதை வரைபடத்தில் சரிவரக் குறித்து வைக்கவில்லை. மறு ஆண்டே இறந்தும் போனார். அந்தப் பீடபூமி எங்கே என்பது வெள்ளைக்காரர்களுக்கு வெகுகாலம் குழப்பமாகவே இருந்தது. 1925-இல் பிரிட்டிஷ் அதிகாரி ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகே மலைவாசத்தலமாக்கும் வேலை சூடு பிடித்தது. 1929-இல் ஜே. ஏ. ரசல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார், தமிழர்கள் வந்து காட்டை வெட்டித் தேயிலை நட்டார்கள். செமாய், தெமியார் மக்களுக்கு அந்த இடம் ஒருநாளும் தொலைந்து போயிருக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வேட்டைச் செயலிகள் செழித்தது அமெரிக்காவில். அங்கே கேள்வி எளிது: இது யார் நிலம்? மொன்டானா மாநிலத்தில் 2009-இல் தொடங்கிய ஆன்எக்ஸ் என்ற நிறுவனம், அரசு நிலம் எது, தனியார் நிலம் எது என்று காட்டும் வரைபடத்தை விற்று வளர்ந்தது. மேற்கு அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டில் ரயில் நிறுவனங்களுக்கு ஒன்றுவிட்டு ஒரு சதுரமாக நிலம் கொடுத்தார்கள். இன்றும் பல இடங்களில் அரசு நிலமும் தனியார் நிலமும் சதுரங்கக் கட்டங்களாகவே கிடக்கின்றன. 2021-இல் வயோமிங்கில் நான்கு வேட்டைக்காரர்கள் செயலியைப் பார்த்துக்கொண்டே, இரண்டு அரசு நிலச் சதுரங்கள் தொட்டுக்கொள்ளும் முனையில் சிறு ஏணி வைத்துத் தாண்டினார்கள். தனியார் மண்ணில் கால் படவில்லை. நில உரிமையாளர் வழக்குப் போட்டார். பல மில்லியன் டாலர் இழப்பீடு கேட்டார். 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் வேட்டைக்காரர்கள் பக்கமே நின்றது. எனக்கு அந்த வழக்கில் பிடித்த இடம் வேறு. ஒருவர் தம் செயலியில் குறித்து வைத்திருந்த ஒரு புள்ளி தனியார் நிலத்துக்குள் இருந்தது. அவர் அங்கே நின்று குறித்தாரா, தூரத்திலிருந்து திரையைத் தொட்டுக் குறித்தாரா? புள்ளியைப் பார்த்தால் தெரியாது. அந்த ஒரு புள்ளி மட்டும் தனிப் பிரச்சினையாக நீதிமன்றத்தில் நின்றது. வழிகாட்ட வாங்கிய செயலி சாட்சிக் கூண்டில் ஏறிவிட்டது.

கேமரன் மலையில் நிலம் மட்டுமே கேள்வியாக இருந்தால் சமாளித்துவிடலாம். 716-ஆம் சட்டம் இடத்தை மட்டும் கேட்பதில்லை. எந்த விலங்கு, எந்த நேரம், எந்த முறை, சுடுபவர் யார் என்றெல்லாம் கேட்கிறது.

விலங்குகளுக்கு இரண்டு முக்கியப் பட்டியல்கள். முதல் பட்டியலில் உள்ளவை பாதுகாக்கப்பட்டவை. உரிமம் இருந்தால்தான் வேட்டையாடலாம். காட்டுப் பன்றி இதில் வருகிறது. 'வெறும் பன்றிதானே' என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள். இரண்டாம் பட்டியலில் உள்ளவை முழுமையாகப் பாதுகாக்கப்பட்டவை: புலி, சூரியக் கரடி, எறும்புத்தின்னி, மலைமுகடுகளில் திரியும் காட்டாடு. இவற்றுக்கு அமைச்சரின் சிறப்பு அனுமதி வேண்டும். வேட்டைக்காரர் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். 2022-இல் சட்டத்தைத் திருத்தியபோது உச்ச அபராதம் பத்து லட்சம் ரிங்கிட் வரைக்கும், சிறை 15 ஆண்டு வரைக்கும் உயர்ந்தது.

பட்டியலும் நிலையானது இல்லை. கடமானையும் கேளையாட்டையும் 2009 முதல் பல ஆண்டுகள் வேட்டையாடக் கூடாது என்று தடை இருந்தது. எந்தப் பருவத்தில், எந்த முறையில், எந்த நேரத்தில் சுடலாம் என்பதற்கு 2014-இல் தனி ஆணை வந்தது. கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்ற தேதியைத் திரையின் நெற்றியில் எழுதாத செயலியை நான் நம்ப மாட்டேன். நேற்றுவரை சரியாக இருந்த பதில் இன்று குற்றமாகலாம். சிக்னல் இல்லாத மடிப்பில் நிற்கும் கைபேசி நேற்றைய பதிலைத்தான் காட்டும்.

விலங்கைப் படம் எடுத்துப் பெயர் கண்டுபிடிக்கும் செயலிகளும் வந்துவிட்டன. தென்கிழக்கு ஆசியாவில் சுங்க அதிகாரிகளுக்கும் போலீஸாருக்கும் உதவ ஃப்ரீலேண்ட் அமைப்பு 2014-இல் வைல்ட்ஸ்கேன் என்ற செயலியைக் கொண்டுவந்தது. பறிமுதல் செய்த விலங்கு எது என்று கேள்வி கேள்வியாகக் கேட்டு அடையாளம் காட்டும். அதிகாரிக்கே இந்த உதவி தேவைப்படுகிறது என்றால், அந்தி நேரத்தில் புதர் அசைவதைப் பார்த்துக் குறி வைப்பவரின் நிலையை யோசித்துக்கொள்ளலாம். உடும்பிலேயே பன்னாட்டு வனவிலங்கு வணிக ஒப்பந்தம் வங்காள உடும்பை முதல் இணைப்பிலும் நீர் உடும்பை இரண்டாவது இணைப்பிலும் வைத்திருக்கிறது. சமையல் சட்டியில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, வழக்கில் தெரியும்.

சுடுபவர் யார் என்ற கேள்விக்கு எந்த வரைபடமும் பதில் சொல்லாது. ஆறாம் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது. ஒராங் அஸ்லி எனப்படும் பூர்வக்குடி மக்கள் தம் குடும்பத்தின் உணவுக்காக, விற்காமல், பண்டமாற்றுச் செய்யாமல் வேட்டையாடக்கூடிய சில விலங்குகள் அதில் உண்டு. காட்டுப் பன்றியும் சருகுமானும் முள்ளம்பன்றியும் அவற்றுள் சில. ஒரே ஓடைக்கரை, ஒரே பன்றி, ஒரே காலை. ஊதுகுழலோடு வரும் செமாய்க்காரருக்கு உரிமை இருக்கிறது. தோட்டத்து லயத்திலிருந்து வருபவருக்கு உரிமம் வேண்டும். அதே செமாய்க்காரரிடம் லயத்துக்காரர் காசு கொடுத்து இறைச்சி வாங்கினால் அந்த உரிமையும் உடைந்துபோகிறது. ஜிபிஎஸ்ஸுக்கு இதில் என்ன வேலை?

இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் எனக்கு ஒரு முடிவு தோன்றுகிறது. 'கூடாது' என்று சொல்லும் தகுதி செயலிக்கு உண்டு. 'கூடும்' என்று சொல்லும் தகுதி அதற்குக் கிடையாது. காரணம் எளிய தர்க்கம். தடை விதிக்க ஒரே ஒரு தாள் போதும்: ரிசர்வ் என்ற தாளில் புள்ளி விழுந்துவிட்டது, விலங்கு இரண்டாம் பட்டியலில் இருக்கிறது, மணி இரவு பத்து. மற்றத் தாள்களைப் புரட்டவே வேண்டாம். அனுமதிக்கோ எல்லாத் தாளும் ஒருமிக்கத் தலையாட்ட வேண்டும். அவற்றில் பாதி செயலிக்குள் இல்லை. துப்பாக்கி உரிமம் இல்லை, தோட்ட நிர்வாகத்தின் சம்மதம் இல்லை, சுடுபவரின் நோக்கம் இல்லை. ஆகவே நல்ல செயலியின் திரையில் பச்சை நிறமே இருக்கக் கூடாது என்பேன். சிவப்பும், 'இலாகாவைக் கேளுங்கள்' என்ற மஞ்சளும் போதும். புள்ளியின் சந்தேக வட்டம் கோட்டைத் தொட்டாலே மஞ்சள் சிவப்பாக வேண்டும்.

தூரத்தை வைத்து எழுதும் சட்டங்களுக்கு இது இன்னும் பொருந்தும். பயிரை அழிக்கும் காட்டுப் பன்றிகளைப் பற்றித் தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அறிவித்த ஏற்பாடு, முழுக்க முழுக்க வரைபடத்தில் வட்டம் போடும் வேலை. காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். விவசாயி சுட முடியாது. காட்டெல்லையை எந்த வரைபடத்திலிருந்து எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து, ஒரே கடலைக் காடு இரண்டாம் வட்டத்திலும் விழும், மூன்றாவதிலும் விழும். காட்டை ஒட்டிய மலைத் தோட்டங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவை பெரும்பாலும் முதல் வட்டத்தைத் தாண்டுவதே இல்லை.

தீபகற்ப மலேசியாவில் பன்றியின் கதையே கொஞ்ச காலமாக மாறிக் கிடக்கிறது. 2021-இல் சபாவில் தலைகாட்டிய ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் அந்த ஆண்டு முடிவதற்குள் தீபகற்பத்துக்கும் வந்தது. காட்டுப் பன்றிகளும் மடிந்தன. பன்றி, புலியின் இரையும்கூட. மலாயாப் புலிகள் காட்டில் 150-க்கும் குறைவு என்று 2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியக் கணக்கெடுப்பு சொன்னது. லயத்துக்குப் பின்னால் பன்றி வருவது குறைந்தால் மரவள்ளிக்கு நல்லது, மலைக்கு அவ்வளவு நல்லதில்லை.

உரிமத்தோடு பகலில் வந்து பன்றி சுடுபவரைவிடப் புலிக்குப் பெரிய எமன், கம்பிக் கண்ணி. இரும்பு வடத்தில் சுருக்குப் போட்டு விலங்கு நடக்கும் தடத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். பன்றிக்கு வைத்தேன் என்பார்கள். புலியின் காலும் கரடியின் காலும் அதில்தான் சிக்கும். கண்ணி வைத்திருப்பதே 716-ஆம் சட்டப்படி குற்றம். இதைத் தேடி ரோந்து போகிறவர்கள் பயன்படுத்தும் கருவிகளுக்கு ஓர் அருமையான முன்னோடி உண்டு. தென்னாப்பிரிக்காவில் 1990-களில் லூயிஸ் லீபன்பர்க், எழுதப் படிக்கத் தெரியாத தடயம் பார்ப்பவர்களுக்காக சைபர்டிராக்கர் என்ற மென்பொருளை உருவாக்கினார். திரையில் சொற்களுக்குப் பதில் படங்கள்: விலங்கின் உருவம், காலடி, மேய்ந்த செடி. படத்தைத் தொட்டால் இடமும் நேரமும் தானாகப் பதியும். காட்டைப் படிக்கத் தெரிந்தவரிடம் எழுத்தைப் படிக்கச் சொல்லித் தொல்லை கொடுக்கவில்லை. வங்காளதேசிகளும் நேப்பாளிகளும் இந்தோனேசியர்களும் தமிழர்களும் சேர்ந்து வேலை செய்யும் இன்றைய தேயிலைத் தோட்டத்துக்கு, சட்டப் பிரிவுகளை மலாயில் அடுக்கும் பிடிஎஃப்பைவிட இந்த வழி மேல்.

இடத்தைப் பதிவது இருபக்கமும் வெட்டும். விலங்குகள் உப்பு நக்க வரும் ஊற்று எங்கே என்று தெரிந்தால் ஆய்வாளரும் போவார், திருடனும் போவான். அதனால்தான் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற பொதுத் தளங்கள் அருகிவரும் உயிர்களின் இடத்தை வேண்டுமென்றே கலைத்துக் காட்டுகின்றன. நம் கைபேசிகளுக்கு அந்த நாகரிகம் கிடையாது. இட அமைப்பைத் திறந்து வைத்திருந்தால் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் அட்சரேகை, தீர்க்கரேகையை எழுதி வைத்துவிடும். வாட்ஸாப்பில் அதைப் படமாக அனுப்பினால் அந்த விவரம் உதிர்ந்துவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் அப்படியே போகும். தேயிலை ஓரத்தில் கம்பிக் கண்ணியைக் கண்டு இலாகாவுக்குத் தெரிவிக்கிறவர் ஆவணமாக அனுப்புவது நல்லது. காலடித் தடத்தைப் படம் பிடித்து உறவுக் குழுவில் போடுகிறவர் படமாக மட்டும் அனுப்பினால் போதும், ஊர்ப் பெயரையும் எழுதாமல்.